அரிசிக்கடைப் பூஞ்சணம்

மளிகைக் கடையில் ஒரு கடலை எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு மூலையில், சிவப்பு இதயப் படத்துக்குப் பக்கத்தில், 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சிட்டிருப்பார்கள். பொய்யில்லை. வெண்டைக்காயைக் கூறு கட்டி வைத்துக்கொண்டு 'முள் எடுத்தது' என்று கூவி விற்றால் அதுவும் பொய்யில்லைதானே? கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடலில் உருவாகும் பொருள். நிலக்கடலை, எள், தேங்காய் எதிலும் அது கணக்கில் எடுக்கும் அளவுக்குக் கிடையாது. எந்தத் தாவர எண்ணெயின் மேலும் அந்த வரியைத் தாராளமாக அச்சிடலாம்.

குழப்பத்துக்கு எண்ணெய்க் கம்பெனிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் மொழிக்கும் பங்குண்டு. ஆட்டிறைச்சியின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருப்பது கொழுப்பு. லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வருவதும் கொழுப்பு. பெரியவர்களை எடுத்தெறிந்து பேசும் பையனிடம் இருப்பதும் கொழுப்புதான். "உங்களுக்குக் கொழுப்பு அதிகமா இருக்கு" என்று டாக்டர் சொன்னால், கேட்பவர் காதில் மூன்றும் சேர்ந்தே விழுகின்றன.

என் உறவினர் ஒருவர் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு ஒல்லி. முட்டைகூடத் தொடாதவர். எல்.டி.எல். கொலஸ்ட்ரால் 212 என்று வந்த ரிப்போர்ட்டை, கணக்கில் தோற்ற பையன் மார்க் ஷீட்டை மறைப்பதுபோல, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தார். தாள் வெளியே வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் அப்படி என்னத்தைத் தின்னுட்டேன்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் சாப்பாட்டுத் தட்டைத் தாண்டி, கல்லீரலைத் தாண்டி, ஜப்பானின் ஒரு தானியக் கடை வரை போக வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பொருளைப் பார்த்துவிடுவோம். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் பித்தப்பைக் கற்களிலிருந்து மெழுகு போன்ற ஒன்றைப் பிரித்தெடுத்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நாட்டு வேதியியலாளர் ஷெவ்ரல் அதற்குப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'கோலே' என்றால் பித்தம், 'ஸ்டீரியோஸ்' என்றால் திடமானது. பெயரிலேயே கொழுப்பு இல்லை. உறைந்த பித்தம்தான் இருக்கிறது. கொழுப்பை எரித்து உடல் சக்தி எடுக்கிறது. கொலஸ்ட்ராலிலிருந்து ஒரு கலோரிகூடக் கிடைக்காது. அது கட்டுமானப் பொருள். ஒவ்வொரு செல்லின் சவ்வையும் அதிகம் இளகாமலும் அதிகம் இறுகாமலும் வைத்திருப்பது அதுதான். பித்த அமிலம், கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் அதை மூலப்பொருளாக வைத்துச் செய்யப்படுபவை. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய கால்வாசி மூளையில் இருக்கிறது.

இவ்வளவு முக்கியமான சரக்கை உடல் சாப்பாட்டை நம்பி விட்டுவைக்கவில்லை. இரண்டு கார்பன் கொண்ட அசிட்டேட் என்ற சின்னத் துண்டுகளை, முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் ஒட்டி ஒட்டி, 27 கார்பன் கொண்ட கொலஸ்ட்ராலாக அதுவே கட்டிக்கொள்கிறது. அந்தப் படிகளைத் துலக்கிய கான்ராட் பிளாக்குக்கும் ஃபியோடர் லினனுக்கும் 1964இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலில் புழங்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி இப்படி உள்ளூர்த் தயாரிப்பு. உறவினர் தின்ற இட்லியிலும் சாம்பாரிலும் கொலஸ்ட்ரால் இல்லை. இட்லியிலிருந்துகூட அதைச் செய்யத் தெரிந்த தொழிற்சாலை அவருக்குள் இருந்தது. கட்டத் தெரிந்த உடலுக்கு உடைக்கத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. கொலஸ்ட்ராலின் நான்கு வளையங்களையும் பிளக்கும் நொதி நம்மிடம் இல்லை. கல்லீரல் அதைப் பித்தத்தில் கலந்து குடலுக்குள் தள்ளிவிடுவதுதான் முக்கியமான வெளியேறும் வழி. அதனால் ரத்தத்தில் எவ்வளவு தங்கும் என்பது, எவ்வளவு உள்ளே போகிறது என்பதைவிட, கல்லீரல் எவ்வளவு திரும்ப இழுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது.

ரத்தத்தில் பெரும்பங்கு தண்ணீர். மெழுகு தண்ணீரில் கரையாது. அதனால் கொலஸ்ட்ரால், புரதம் சுற்றிய நுண்ணிய உருண்டைகளில் ஏறித்தான் ஊர் சுற்றுகிறது. எல்.டி.எல். ஒரு வகை உருண்டை, எச்.டி.எல். இன்னொரு வகை. இரண்டிலும் ஏறியிருப்பது அணுவுக்கு அணு ஒரே கொலஸ்ட்ரால். தண்ணீர் லாரி மோதிவிட்டால் 'கெட்ட தண்ணீர்' என்று யாரும் சொல்வதில்லை. இங்கே மட்டும் 'நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால்' என்று பிரித்துவிட்டோம். அந்தப் பேச்சை நம்பி வாங்கிய அடி ஒன்றும் உண்டு. எச்.டி.எல்.லை 70 சதவீதத்துக்கும் மேல் உயர்த்திய டோர்செட்ரபிப் என்ற மருந்தைச் சுமார் 15,000 பேரிடம் சோதித்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. எச்.டி.எல். அதிகமாக இருப்பது பல நேரம் நல்ல உடல்நிலையின் அடையாளம். அடையாளத்தை மட்டும் ஏற்றிவிட்டால் உடல்நிலை ஏறிவிடாது.

மோதும் லாரி எல்.டி.எல்.தான். ரத்தத்தில் அது இரண்டு மூன்று நாட்கள் சுற்றுகிறது. தமனியின் உள்சுவரை உரசிக்கொண்டே போகும்போது சில உருண்டைகள் சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்கின்றன. அவற்றை விழுங்க வெள்ளையணுக்கள் வருகின்றன. விழுங்கி விழுங்கி, நுரை நிறைந்ததுபோல் ஊதி, அங்கேயே செத்தும் போகின்றன. 'அடைப்பு' என்றதும் பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு படிவதைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். நடப்பது வேறு. கட்டி வளர்வது சுவருக்குள்ளே. அதன் மெல்லிய மூடி ஒரு நாள் கிழிந்தால், காயம் பட்டதாக நினைத்து ரத்தம் அந்த இடத்தில் உறைகிறது. அந்த உறைவுதான் சில நிமிடங்களில் குழாயை மூடுகிறது. குழாயைப் பாதிகூட அடைக்காத கட்டி கிழிந்தும் மாரடைப்பு வரலாம். "நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தார்" என்று இழவு வீட்டில் கேட்கும் பேச்சுக்கு இதுதான் விளக்கம்.

இந்தத் தொடர்பை முதலில் ஆணித்தரமாகக் காட்டியவை முயல்கள். 1913இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற இளம் ஆய்வாளர், கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். தமனிச் சுவர்கள் தடித்தன. வெறும் எண்ணெய் மட்டும் குடித்த முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எலிகளிடம் செய்தபோது அது பலிக்கவில்லை. எலியின் கல்லீரல் உபரியைச் சுளுவாகப் பித்த அமிலமாக மாற்றித் தள்ளிவிடுகிறது. 'முயல் புல் தின்னும் பிராணி, அதை வைத்து மனிதனைப் பற்றி என்ன சொல்ல முடியும்' என்று ஒதுக்கியவர்கள் பல பத்தாண்டுகள் ஒதுக்கிக்கொண்டே இருந்தார்கள். 1953இல் வந்த ஒரு அறிக்கை வேறு விதத்தில் உலுக்கியது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்திருந்தார்கள். சராசரி வயது 22. முக்கால்வாசிப் பேருக்கு இதயத் தமனிகளில் நோயின் தடம் தெரிந்தது. இது கிழவர்களின் நோய் அல்ல. இளைஞர்களிடம் தொடங்கி, கிழவர்களிடம் வெளியே தெரியும் நோய்.

இனி ஜப்பான்.

அகிரா எண்டோ 1933இல் வடக்கு ஜப்பானில் அகிதா மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே காளான் மீதும் பூஞ்சணத்தின் மீதும் அவருக்கு ஒரு கிறுக்கு. பெனிசிலின் கண்டெடுத்த ஃபிளெமிங்கின் வாழ்க்கை வரலாறு அந்தக் கிறுக்கை வளர்த்துவிட்டது. டோக்கியோவில் சாங்க்கியோ என்ற மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 1960களின் பிற்பாதியில் இரண்டு ஆண்டுகள் நியூயார்க்கில் ஆய்வு செய்தார். அங்கே மாரடைப்பு எவ்வளவு சாதாரணம் என்று பார்த்தவருக்கு, கொலஸ்ட்ரால் உற்பத்தியை உடலுக்குள்ளேயே கட்டுப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அந்தப் படிகளில் ஆரம்பப் படி ஒன்றில் உட்கார்ந்து மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும் நொதி ஒன்று உண்டு. அதைப் பிடித்தால் போதும்.

எதை வைத்துப் பிடிப்பது? எண்டோவின் யோசனை விவசாயி வீட்டுப் பிள்ளையின் யோசனை. ஒரே மண்ணில் ஆயிரம் நுண்ணுயிர்கள் சோற்றுக்கு அடித்துக்கொள்கின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தங்கள் சவ்வைக் கட்ட கொலஸ்ட்ராலின் பங்காளியான ஒரு பொருள் வேண்டும். எதிரியின் அந்த உற்பத்தியை முடக்கும் நஞ்சை ஏதாவது ஒரு பூஞ்சணமாவது தயாரித்து வைத்திருக்காதா?

1971இல் தேடத் தொடங்கினார்கள். மண், காளான், கெட்டுப்போன தானியம் என்று கிடைத்ததிலிருந்தெல்லாம் நுண்ணுயிர்களை வளர்த்துச் சாற்றைச் சோதித்தார்கள். மொத்தம் சுமார் 6,000 வகைகள். முதலில் அகப்பட்ட பொருள் சிறுநீரகத்துக்கு நஞ்சு என்று தெரிந்து கைவிட்டார்கள். பிறகு கியோத்தோ நகரத்துத் தானியக் கடை ஒன்றிலிருந்து வந்த அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணம் ஒன்று கைகொடுத்தது. பெனிசிலின் தந்த அதே பெனிசிலியம் குடும்பம். 1973இல் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்குப் பிற்பாடு காம்பாக்டின் என்று பெயர் நிலைத்தது. நம் வீட்டில் பூத்த அரிசியை வெயிலில் காயவைத்துப் புடைத்துவிடுவோம். கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் 'ஸ்டாட்டின்' வகையில் உலகத்தின் முதல் மருந்து அப்படிப் புடைத்துத் தள்ள வேண்டியதிலிருந்து வந்தது.

எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அனிச்கோவின் கதையில் குறுக்கே நின்ற அதே எலிதான்! எலியின் கல்லீரல், மருந்து தடுத்த நொதியைப் பல மடங்கு கூடுதலாகச் செய்து ஈடுகட்டிவிட்டது. மருந்துத் தொழிலில் எலியிடம் தோற்ற பொருளுக்குப் பொதுவாக அதோடு கதை முடிந்தது. எண்டோ விடவில்லை. அதே கம்பெனியில் வேறொரு ஆய்வாளர் முட்டைக் கோழிகளை வைத்து வேலை செய்து முடித்திருந்தார். கோழிகளை அப்புறப்படுத்தும் நேரம். முட்டையில் அவ்வளவு கொலஸ்ட்ராலை வைக்கும் கோழியின் ரத்தத்திலும் அது நிறைய இருக்கத்தானே வேண்டும்? கோழிகளைக் கேட்டு வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியது. நாய்களிடமும் இறங்கியது.

1978இல் ஒசாகா பல்கலைக்கழக மருத்துவமனையில் அகிரா யமமோட்டோ என்ற மருத்துவர் 18 வயதுப் பெண் ஒருத்திக்கு அதைக் கொடுத்தார். அவளுடைய கொலஸ்ட்ரால் 1,000 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. அளவு இறங்கத் தொடங்கியது. கூடவே தசைகள் பலவீனமாயின. நிறுத்தி, அளவைக் குறைத்து மறுபடி தொடங்கினார்கள். முதல் நோயாளியிடமே மருந்தின் பலனும் அதன் முக்கியமான பக்க விளைவும் ஒன்றாகத் தெரிந்துவிட்டன.

அந்தப் பெண்ணின் ரத்தத்தில் ஏன் அவ்வளவு கொலஸ்ட்ரால்? அவளைப் போன்றவர்களின் செல்களை அமெரிக்காவின் டாலஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு மருத்துவர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். செல்லின் மேற்பரப்பில் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாசல்கள் இருப்பதை அவர்கள் 1970களில் கண்டறிந்தார்கள். அந்த வாசலைச் செய்யும் மரபணு தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று. ஒன்று பழுதானால் வாசல்கள் பாதி, எல்.டி.எல். இரண்டு மடங்கு. இரண்டும் பழுதானால், குழந்தைப் பருவத்திலேயே மாரடைப்பு வருவதுண்டு. 1985 நோபல் பரிசு இந்த இருவருக்கும் போனது. பூஞ்சண மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதும் இதிலிருந்து புரிந்தது. உற்பத்தியைத் தடுத்ததும் கல்லீரலுக்குப் பற்றாக்குறை வருகிறது. அது இன்னும் பல வாசல்களைத் திறந்து ரத்தத்தில் இருப்பதை இழுக்கிறது. உற்பத்தி குறைவதைவிட இப்படி இழுப்பதால்தான் ரத்தம் சுத்தமாகிறது.

ஒரு மரபணு மட்டும் பழுதானவர்கள் ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவர். ஒரு பெரிய கல்யாண மண்டபம் நிறைந்திருந்தால் அதில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஒல்லியாகவும் இருக்கலாம், சைவமாகவும் இருக்கலாம்.

எண்டோவின் காம்பாக்டின் கடைக்கு வரவில்லை. நாய்களுக்கு மிக அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்ததில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டு 1980இல் சாங்க்கியோ நிறுத்திவிட்டது. அதற்குள் அமெரிக்காவின் மெர்க் கம்பெனி வேறொரு பூஞ்சணத்திலிருந்து அதன் நெருங்கிய சகோதரனைப் பிடித்திருந்தது. 1987இல் லோவாஸ்டாட்டின் என்ற பெயரில் அதுவே விற்பனைக்கு வந்த முதல் ஸ்டாட்டின் ஆயிற்று. உலகத்தில் மிக அதிகமாக விழுங்கப்படும் மருந்து வகைகளில் ஒன்றுக்கு வழி திறந்த எண்டோவுக்கு லாஸ்கர் விருது 2008இல் வந்தது. நோபல் வரவேயில்லை. 2024 ஜூனில், 90 வயதில் இறந்தார். நோபல் குழுவின் கணக்குகளில் எனக்குப் புரியாதது இது.

மருந்து எண்ணைக் குறைக்கிறது, சரி, உயிரைக் காப்பாற்றுகிறதா? இந்தச் சந்தேகம் 1994 வரை நியாயமாகவே இருந்தது. அந்த ஆண்டு ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோயுள்ள 4,444 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த சோதனையின் முடிவு வெளிவந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்திருந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 182 பேர். வாதம் அங்கே முடிந்திருக்க வேண்டும். யூடியூபில் இன்னும் முடியவில்லை.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் ஒன்று உண்டு. கல்லீரலின் வாசல்களை உடைத்துப் போடுவது அதன் வேலை. 2003இல் பிரெஞ்சுக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் இந்தப் புரதம் மிதமிஞ்சி வேலை செய்வதால் வரும் பரம்பரை நோயைக் கண்டறிந்தார்கள். டாலஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் தலைகீழாகக் கேட்டார்கள்: இந்தப் புரதம் சரியாக வேலை செய்யாதவர்கள் யாராவது இருக்கிறார்களா? இருந்தார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களில் சிலர் பிறவியிலேயே அப்படி. அவர்களுடைய எல்.டி.எல். மற்றவர்களைவிட 28 சதவீதம்தான் குறைவு. ஆனால் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் அவர்களுக்கு இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது.

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐம்பது வயதில் மாத்திரை தொடங்கி எல்.டி.எல்.லைச் சுமார் 40 மில்லிகிராம் குறைப்பவருக்குச் சில ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே அளவு குறைவைப் பிறந்ததிலிருந்தே பெற்றவருக்கு ஆபத்தே பெரும்பாலும் கிடையாது. வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. தமனிச் சுவர் இன்றைய எண்ணை மட்டும் பார்ப்பதில்லை; பிறந்ததிலிருந்து சேர்ந்த மொத்தத்தைக் கூட்டிவைத்திருக்கிறது. 160 என்ற எல்.டி.எல். முப்பது வயதுக்காரருக்கு அவசரமில்லை என்று நாம் நினைக்கிறோம். அவருக்குத்தான் அந்த எண்ணோடு வாழ இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது.

சரி, சாப்பாடு ஒன்றுமே செய்யாதா? செய்யும், ஆனால் நாம் பயப்படும் இடத்தில் அல்ல. ஒரு முட்டையின் மஞ்சளில் கொலஸ்ட்ரால் 200 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. அதைத் தின்றால் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடுகிறது. அமெரிக்க உணவு வழிகாட்டியே 2015இல் நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற பழைய உச்சவரம்பை எடுத்துவிட்டது. கல்லீரலின் வாசல்களைக் குறைப்பது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது சுமார் 90 சதவீதம். நெய்யில் 60க்கு மேல். ரேஷன் பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 20க்குள். செக்கில் ஆட்டினால் மணம் கூடும், விலையும் கூடும்; இந்தக் கணக்கு மாறாது. மரச்செக்குத் தேங்காய் எண்ணெயை இதயத்துக்கு மருந்து என்று விற்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். முட்டை மஞ்சளைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு, வனஸ்பதி போட்டுப் பிசைந்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுகிறவரைப் பார்த்தால் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வரும். பழைய வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லையும் இறக்கும். 2022 முதல் இந்தியாவில் அதற்கு 2 சதவீத வரம்பு இருப்பது பெரிய ஆறுதல்.

நம் பக்கத்து ரிப்போர்ட்டுகளுக்கு ஒரு தனி முகஜாடையும் உண்டு. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கணக்கு 2023இல் வெளிவந்தது. அதில் எல்.டி.எல். அதிகமுள்ளவர்கள் 21 சதவீதம்; எச்.டி.எல். குறைந்தவர்கள் 67 சதவீதம். ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறி, எச்.டி.எல். இறங்கி, தொப்பை மட்டும் முன்னே வந்த உடல்வாகு. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, மைதா, சர்க்கரை என்று போகும் மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றுகிறது. அதைக் குறைப்பதற்கும் தினமும் வேர்க்க நடப்பதற்கும் இங்கே நல்ல பலன் உண்டு. எல்.டி.எல்.லை நடை அவ்வளவாக அசைக்காது. கொள்ளு, பயறு, வெந்தயம், ஓட்ஸ் போன்றவற்றின் கரையும் நார், குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றிச் சற்று இறக்கும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் எல்.டி.எல். பொதுவாக 10 முதல் 15 சதவீதம் குறையலாம். 140க்கு அது போதும். 212க்குப் போதாது.

ஒரு சின்ன வருத்தச் செய்தி: காபிக்கொட்டையில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது, எல்.டி.எல்.லை ஏற்றக்கூடியது. காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்கிறது. நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டருக்கு அந்தத் திறமை கிடையாது. நாளுக்கு இரண்டு டம்ளரை நான் விடப் போவதில்லை. ஆறு டம்ளர் குடிப்பவர்கள் யோசிக்கலாம்.

பூண்டு, பட்டை, மஞ்சள்? 2022இல் அமெரிக்காவில் இவை மூன்றோடு மீன் எண்ணெய் முதலான வேறு மூன்றையும் சேர்த்து, ஆறு துணை மாத்திரைகளை, குறைந்த அளவு ரோசுவாஸ்டாட்டினோடு மோதவிட்டார்கள். 28 நாளில் ஸ்டாட்டின் எல்.டி.எல்.லை 38 சதவீதம் இறக்கியது. மற்ற ஆறும் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. பூண்டை ரசத்துக்குப் போடுங்கள். அதற்கு அது போதுமான தகுதியுடையது.

"அந்த மாத்திரை போட்டா கால் வலிக்குது" என்பது அடுத்த புகார். ஒசாகாப் பெண்ணின் தசை பலவீனம் உண்மை. கடுமையான தசைச் சிதைவு மிக அரிதாக இன்றும் வருகிறது. ஆனால் சாதாரண வலியின் கதை வேறு. பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு புட்டி கொடுத்தார்கள். நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலி. எந்த மாதம் எது என்பது கலைத்துப் போட்ட சீட்டு. 2020இல் வந்த முடிவு: ஸ்டாட்டின் மாதத்தில் பட்ட தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதத்திலும் இருந்தது. வலி பொய்யல்ல; அதைத் தந்தது மருந்தைவிட மருந்தைப் பற்றிய பயம். ஸ்டாட்டின் சர்க்கரையைச் சற்றே உயர்த்தும் என்பதும் உண்மை. பெரும்பாலும் ஏற்கனவே எல்லையில் நிற்பவர்களுக்கு. இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லி மருந்தையோ அளவையோ மாற்றிக்கொள்ளலாம். தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. "நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்" என்று பெருமையாகச் சொல்பவர்களின் எல்.டி.எல். சில வாரங்களில் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. கண்ணாடி போட்டதால் எழுத்து தெரிகிறது என்று யாரும் கண்ணாடியைக் கழற்றி எறிவதில்லை.

ரிப்போர்ட்டைப் பார்க்கும் முறை பற்றி இரண்டு சொல். பல லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகிறார்கள். 1972ஆம் வருடத்துச் சூத்திரம். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கழித்தல் செல்லாது. மொத்தக் கொலஸ்ட்ராலைப் பார்த்துப் பதறுவதும் நிம்மதியடைவதும் இரண்டுமே வீண். இந்திய இதயவியல் சங்கம் 2024இல் தந்த வழிகாட்டுதல்படி, ஆபத்து குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். 100க்குக் கீழே, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றால் ஆபத்து கூடியவர்களுக்கு 70க்குக் கீழே, ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55க்குக் கீழே. ரிப்போர்ட்டின் ஓரத்தில் எல்லோருக்கும் பொதுவாக அச்சிட்டிருக்கும் எல்லை உங்களுக்கானது அல்ல. முதல் பரிசோதனையை 18 வயதிலேயே செய்யவும் சங்கம் சொல்கிறது.

தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் அவசரமாகச் சில மாத்திரைகள் தருகிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கூடவே அட்டோர்வாஸ்டாட்டின். கியோத்தோ அரிசியில் தொடங்கிய மருந்துக் குடும்பம் நம் கிராமத்து அலமாரி வரை வந்துவிட்டது. ஆனால் நெஞ்சுவலி வரும் நாளில் சாப்பிடுவதற்காக எண்டோ அதைத் தேடவில்லை.

பீரோவில் தாளை ஒளித்த உறவினர் இப்போது தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார், எல்.டி.எல். 96. அவருடைய தம்பியைப் பரிசோதித்தபோது 205. எந்தத் தொந்தரவும் இல்லாத, உறவினரின் 24 வயது மகளுக்கு 190. உங்கள் எல்.டி.எல். 190ஐத் தாண்டியிருந்தால், அல்லது உங்கள் வீட்டில் யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், அந்த ரிப்போர்ட்டை ஒளிக்காதீர்கள். கையில் எடுத்துக்கொண்டு, கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் இந்த மாதமே லேபுக்குக் கூட்டிப் போங்கள்.